உருட்டிய பிறகு மாற்றாதீர்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடுகிற ஆட்டத்தை நடத்துகிறவர் விதியை வளைக்கலாமா, தன் பகடையை மறைக்கும் ஸ்கிரீனுக்குப் பின்னால் விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வளைக்கலாம். எண்ணை மட்டும் மாற்றாதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டது இது.

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்து பேர் ஆடுவோம். ஸ்கிரீன் என்பது பனியன் பெட்டியை வெட்டிய அட்டைதான். முதல் ஆட்டத்தில் ஒருவன் தன் மந்திரவாதிக்கு மூன்று பக்கம் கதை எழுதிக்கொண்டு வந்திருந்தான். மொத்தமே 7 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி. வழிமறித்த கோப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்காக நான் உருட்டிய இருபது பக்கப் பகடையில் 20 விழுந்தது. கிரிட்டிக்கல், அதாவது உச்ச அடி என்பதால் டேமேஜுக்கு (எவ்வளவு உயிர் குறையும் என்பதற்கு) ஒன்றுக்குப் பதில் இரண்டு பகடை, இரண்டிலும் 6, மேலே 2 சேர்த்து 14. பூஜ்யத்துக்குப் போன பிறகும் 7 மிச்சம். மிச்சம் முழு ஹிட் பாயிண்ட்டைத் தொட்டுவிட்டால் மயக்கமெல்லாம் கிடையாது, நேரே சாவுதான். மனசு கேட்கவில்லை. "5 போச்சு" என்றேன்.

டீ எடுக்க எழுந்தவன் பகடையைப் பார்த்துவிட்டான். "அப்பறம் என்னத்துக்குடா உருட்டற?" என்றான். அடுத்த மூன்று வாரம் ஒருத்தனும் எதற்கும் பயப்படவில்லை. ஓகர் என்ற ராட்சதன் முன்னால் போய் ஜோக் அடித்தார்கள். ஆட்டம் நடத்துகிறவருக்கான 2014 வழிகாட்டிப் புத்தகம் எண்ணை மாற்ற இடம் கொடுக்கிறது, ஆனால் அடிக்கடி செய்யாதே, வெளியே தெரியவிடாதே என்றும் சொல்கிறது. அட்டை ஸ்கிரீனை வைத்துக்கொண்டு எங்கே மறைப்பது?

கோபி பக்கம் அம்முச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் தாயம் ஆடுவோம். தாயம் விழாமல் காய் இறங்காது. சின்னவனாக இருந்த எனக்கு மட்டும் அஞ்சு விழுந்தாலும் இறங்கலாம் என்று, கட்டையைத் தொடுவதற்கு முன்பே எல்லோருக்கும் கேட்க அம்முச்சி சொல்லிவிடுவார். உருட்டிய பிறகு அழுதாலும் நடக்காது. "விழுந்தது விழுந்ததுதான் சாமி."

இப்போது அதே வழிதான். பகடையை நடு மேசையில் உருட்டுகிறேன். சலுகை எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். 2014 விதிப்படி மருந்து குடிக்க ஒரு ஆக்‌ஷன், அதாவது தன் முறையில் செய்யும் முக்கியச் செயல், முழுசாகப் போகும்; எங்கள் மேசையில் போனஸ் ஆக்‌ஷன் என்கிற கூடுதல் சின்னச் செயல் போதும் என்று வைத்தோம். (2024 பதிப்பில் அதுவே விதியாகிவிட்டது, கொஞ்சம் பெருமைதான்.) முதல் லெவலில் ஒரே அடியில் சாவு கிடையாது, மயக்கம்தான். தலைவன் விழுந்தால் கோப்ளின்கள் ஓடிவிடும். அது விதியை வளைப்பதுகூட இல்லை, உயிருக்குப் பயந்தவன் ஓடத்தானே செய்வான்.

அந்த மந்திரவாதி நாலாவது லெவலில் செத்தான், எல்லார் கண் முன்னாலும். அவனை ஆடியவன் இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புது கேரக்டர் ஷீட்டோடு வந்தான். கதை இந்த முறை அரைப் பக்கம்தான்.