இனவெறி எதிர்ப்பு ஆய்வு முறை கடலூரில் கல்வி ஆய்வு செய்பவருக்கு எதற்கு?

கறுப்பு, வெள்ளை பேதம் பேசும் ஆய்வு முறை கடலூரில் எம்.எட். ஆய்வேடு எழுதும் எனக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர். வினாப்படிவத்தோடு வருபவர்களை நிறையப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: உதவும். ஆனால் ‘இனம்’ என்ற இடத்தில் ‘சாதி’ என்று மாற்றிப் போட்டால் மட்டும் போதாது.

அந்த முறையின் உயிர், குறையை எங்கே தேடுகிறோம் என்பதில் இருக்கிறது. கறுப்பின மாணவர்கள் மதிப்பெண்ணில் பின்தங்குவதை அமெரிக்காவில் வெகுகாலம் அளந்துகொண்டே இருந்தார்கள். அது பிள்ளைகளின் குறை இல்லை, பல தலைமுறைகளாக அவர்களுக்குச் சேராமல் போன பாக்கி என்று 2006இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் வாதிட்டார்.

இங்கே வருவோம். ‘இருளர் குழந்தைகளின் இடைநிற்றலுக்கான காரணங்கள்’ என்று ஒரு தலைப்பு எடுக்கிறீர்கள். படிவத்தில் பெற்றோர் படிப்பு, வருமானம், குழந்தையின் ஆர்வம் மட்டுமே இருந்தால் ‘பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை’ என்ற முடிவு இப்போதே தயார். களத்துக்குப் போகவே வேண்டாம்! குடும்பம் செங்கல் சூளைக்குப் போன மாதங்களில் பள்ளி என்ன செய்தது? வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்தது யார்? வகுப்பில் அந்தப் பிள்ளையை எங்கே உட்கார வைத்தார்கள், என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? இவற்றைத் தலைமையாசிரியரிடமும் எங்களைப் போன்றவர்களிடமும்தான் கேட்க வேண்டும். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அந்த அலைச்சலில் எத்தனை நாள் கூலி போனது என்பதும் காரணப் பட்டியலில் வர வேண்டும்.

புள்ளிவிவரத்திலும் கவனம் தேவை. ‘பழங்குடி என்பது மதிப்பெண்ணைப் பாதிக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். பாதிப்பது அவர்களை நடத்தும் விதம். பட்டியல்களும் வானத்திலிருந்து விழுந்தவை இல்லை. பக்கத்துப் புதுச்சேரியில் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2016இல்தான். அதற்கு முந்தைய கணக்கில் பழங்குடி என்று தேடினால் அவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

அப்புறம், சம்மதம். முன்பணம் கொடுத்த சூளை முதலாளி பக்கத்தில் நிற்கும்போது ஓர் அம்மா வைக்கும் கைநாட்டைச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன். தனியாகப் பேசுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எழுதி முடித்ததும் அந்தக் குடியிருப்பில் தமிழில் படித்துக் காட்டி, தப்பு என்று அவர்கள் சொல்வதையும் ஆய்வேட்டில் சேருங்கள்.

கைடு சாம்பிள் எண்ணிக்கை கேட்பார். சரி, கொடுங்கள். அந்த எண்ணிக்கையில் ஆசிரியர்களும் இருக்கட்டும்.