டிரெயின் போல்ட் மரை போனால் சம்பை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது ஹோண்டா சிட்டி பெட்ரோல் கார். போன மாதம் ஆயில் மாற்றிய இடத்தில் டிரெயின் போல்ட்டை ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்கினார்கள். இப்போது வண்டி நிற்கும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. இறுக்கினால் போல்ட் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?
- வாசகர், நாமக்கல்

பதில்: உண்டு. ஆனால் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள். பிடிமானம் இல்லாத போல்ட் ஓட்டத்தில் கழன்றால் சம்பில் உள்ள ஆயில் மொத்தமும் ரோட்டோடு போய்விடும். ஆயில் விளக்கு எரிவதை நீங்கள் கவனிப்பதற்குள் கிராங்க் பேரிங் அடிவாங்கிவிடும்.

உங்கள் காரின் சம்ப் அலுமினிய வார்ப்பு, போல்ட்டோ இரும்பு. அளவுக்கு மீறி முறுக்கினால் மரை போவது சம்பில்தான். இந்த போல்ட்டுக்கு வேண்டிய இறுக்கம் சுமார் 40 நியூட்டன் மீட்டர். அதாவது 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ விசை. அதே விசையை 60 செ.மீ. பைப்பின் நுனியில் கொடுத்தால் மும்மடங்காகி 120 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும்.

முதலில் ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடித்து போல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் மரைப் பள்ளங்களில் பேனா ஸ்பிரிங் மாதிரி வெள்ளிநிறக் கம்பி சுற்றியிருந்தால், அது உரிந்து வந்த சம்பின் மரை. அப்படி எதுவும் இல்லாமல் போல்ட் நன்றாகப் பிடித்து நின்றும் கசிகிறது என்றால் குற்றம் வாஷரில். புது அலுமினிய வாஷர் போட்டால் போதும், சம்பைத் தொட வேண்டாம்.

மரை உரிந்தது உறுதியானால், நான் பரிந்துரைப்பது விளிம்புள்ள முழு இரும்பு புஷ், அதாவது உள்ளும் வெளியும் மரை உள்ள குழல். உள்ளே பழைய அளவான எம் 14 (14 மி.மீ. விட்டம்), 1.5 பிட்ச் (மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி) மரையே இருக்கும், அதனால் கம்பெனி போல்ட்டையும் வாஷரையும் தொடர்ந்து போடலாம். டிரில், விளிம்பு உட்கார இடம் வெட்டும் கட்டர், மரை வெட்டும் டேப், புஷ் ஏற்றும் கருவி எல்லாம் சேர்ந்து கிட்டாக வருகிறது. டிரில்லை அந்த கிட்டில் உள்ளதையே பயன்படுத்துங்கள். கைக்குக் கிடைத்த அளவில் ஓட்டை போட்டால் புஷ்ஷுக்கு மரை போதாது.

இந்த வேலையில் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று சாய்வு. டேப் சற்றுச் சாய்ந்து இறங்கினாலும் போல்ட் தலை ஒரு பக்கம்தான் வாஷரை அழுத்தும். பிறகு எத்தனை வாஷர் மாற்றினாலும் கசிவு நிற்காது. டேப் இரண்டு சுற்று இறங்கியதும் மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். அந்த நிலையில் திருத்திவிடலாம், ஐந்தாவது சுற்றில் முடியாது.

இன்னொன்று அலுமினியத் துருவல், இதுதான் பெரிய ஆபத்து. டிரில், டேப் இரண்டின் பள்ளங்களிலும் கிரீஸை அடைத்துக்கொள்ளுங்கள், துருவல் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று இறக்கி, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி கிரீஸ் வையுங்கள். காந்தத்தை நம்ப வேண்டாம், அலுமினியம் அதில் ஒட்டாது. 'ஃபில்டர் இருக்கிறதே' என்றும் விட்டுவிடக் கூடாது. ஆயில் முதலில் பம்ப் வழியாகப் போய்த்தான் ஃபில்டருக்கு வருகிறது. உறிஞ்சுக் குழாயின் வலை பெரிய துண்டுகளைத்தான் தடுக்கும், பொடித்துருவல் பம்புக்குள் போய்க் கீறல் போடும்.

புஷ் ஏற்றுமுன் ஓட்டையை பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, புஷ்ஷின் வெளிமரையில் மட்டும் உயர்பிடிப்பு லாக்டைட் பசை தடவி, விளிம்பு உட்காரும் வரை இறக்குங்கள். அது இறுகியபின், போல்ட் போடாமலே, மேலே ஆயில் ஊற்றும் வாயில் விலை குறைந்த ஆயிலை அரை லிட்டர் ஊற்றி, கீழே வெள்ளைத் துணியில் வடியவிடுங்கள். துணியில் ஒரு மினுக்குகூடத் தெரியாத வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இதற்குள் இன்ஜினை ஒரு நொடிகூட ஸ்டார்ட் செய்யக் கூடாது. அதன்பின் புது ஃபில்டர், புது வாஷர், புது ஆயில்.

வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்திக் கீழே படுக்காதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம்.

சம்பைக் கழற்ற வசதி இருந்தால் இன்னும் நல்லது. லேத் பட்டறையில் டிரில் மெஷினில் பிடித்துப் போட்டால் ஓட்டை நேராக விழும், துருவலையும் முழுக்கக் கழுவிவிடலாம். திரும்ப மாட்டும்போது பழைய சிலிகானைச் சுத்தமாகச் சுரண்டி, விட்டுப்போகாமல் 3 மி.மீ. கோடாகப் புது சிலிகான் வையுங்கள். அது காய டியூபில் போட்டிருக்கும் நேரம் வரை பொறுத்துத்தான் ஆயில் ஊற்ற வேண்டும். போல்ட் தலை உட்காரும் இடத்தில் விரிசல் இருந்தால் இவை எதுவும் வேண்டாம், சம்பை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: புஷ்ஷுக்குப் பதிலாகப் போடும் ஹெலிகாயில் சுருள் விலை குறைவு. அது போதாதா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: வலு போதும். ஆனால் அது சுருள் கம்பி. கம்பிக்குப் பின்னால் சுருள்வழியாக ஆயில் ஊறி வர இடம் உண்டு, அதனால் வெளிப்பக்கம் லாக்டைட் தடவியே போட வேண்டும். எம் 14, 1.5 பிட்சுக்கு டிரில் சுமார் 14.5 மி.மீ., டேப் ஹெலிகாயிலுக்கென்றே வரும் டேப். சுருள், முகப்பிலிருந்து அரை முதல் ஒரு சுற்று உள்ளே நிற்க வேண்டும். ஏற்றுவதற்காக உள்முனையில் வளைந்திருக்கும் வாலை நீளமூக்குக் குறடால் பிடித்து உடைத்து எடுக்க வேண்டும். தட்டி விழவைத்தால் அது சம்புக்குள்தான் போகும். வால் இல்லாத வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கேள்வி: போல்ட்டில் டெஃப்ளான் டேப் சுற்றினாலோ, சுற்றி எம்-சீல் அப்பினாலோ கசிவு நிற்குமா? தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் பெரிய சைஸ் போல்ட் ஒன்றும் கடையில் காட்டினார்கள்.
- வாசகர், வாணியம்பாடி

பதில்: மூன்றும் வேண்டாம். டெஃப்ளான் நார் கிழிந்து உள்ளே போனால் உறிஞ்சுக் குழாயின் வலையில் போய்ப் படியும். எண்ணெய்ப் பசை மேல் எம்-சீல் சரியாகப் பிடிக்காது, சூட்டிலும் அதிர்விலும் பெயர்ந்துவிடும். தானே வெட்டும் போல்ட்டுக்கு வழிகாட்டி ஏதும் இல்லை, பழைய ஓட்டையில் சாய்ந்துதான் ஏறும். வெட்டிய துருவலும் இன்ஜினுக்குள்ளேயே தங்கும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் அது இன்னும் கொஞ்சம் அரித்து, கடைசியில் புஷ் போடக்கூடச் சதை இல்லாமல் செய்துவிடும்.

கேள்வி: இரும்புத் தகடு சம்ப் என்றாலும் இதே முறையா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: தகடு மெல்லியது, அதில் மரை நிற்காது. உள்ளே வெல்டு வைத்த நட்டில்தான் மரை இருக்கும். நட் தடிமனாக இருந்தால் எம் 14-ஐ எம் 16 ஆக்கலாம். 14.5 மி.மீ. டிரில், 1.5 பிட்ச் டேப், 16 மி.மீ. போல்ட், அதற்கேற்ற வாஷர். வெல்டு விட்டு நட்டே சுற்றினால் சம்பைக் கழற்றிக் கழுவிப் புது நட் வெல்டு வைக்கலாம். தகடு சம்ப் பெரும்பாலும் அலுமினிய சம்பைவிட விலை குறைவு, அதனால் வெல்டிங் கூலியையும் புது சம்ப் விலையையும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் மூடி, மறுசுழற்சிக்கு எடுக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.