அந்தமான் செல்லுலார் சிறையைப் பார்க்க ஒரு மணி நேரம் போதுமா? எதை எந்த வரிசையில் பார்ப்பது?

போதாது. சுற்றுலா வண்டிகள் ஒதுக்கும் ஒரு மணி நேரத்தில் சாவர்க்கர் இருந்த கொட்டடி, தூக்குமேடை, வாசலில் ஒரு குழுப்படம் இவ்வளவுதான் கிடைக்கும். அந்தச் சிறை எப்படி வேலை செய்தது என்பது புரியாமலேயே வெளியே வந்துவிடுவோம். குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒலி-ஒளிக் காட்சிக்கான நேரம் இதில் சேராது.

முதலில் நேரக் கணக்கு. சிறை இருக்கும் போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. சென்னையிலிருந்து காலை விமானத்தில் போய் இறங்கி, அறையில் பெட்டியை வைத்துவிட்டு, மதியம் மூன்று மணிக்குச் சிறைக்குப் போவதுதான் பெரும்பாலான பேக்கேஜ்களின் முதல் நாள் திட்டம். இதில்தான் சிக்கல். மதியம் பன்னிரண்டரைக்கு மூடி ஒன்றரைக்குத் திறப்பதும், மாலை நான்கேகால் வாக்கில் பார்வையாளர்களை வெளியேற்றத் தொடங்குவதும் வழக்கம். திங்கட்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் மூடியிருக்கும் நாட்களாக இருந்து வந்திருக்கின்றன. ஆகவே திங்களன்று இறங்குபவர்கள் நாள் திட்டத்தை முன்னதாகவே மாற்றிக்கொள்வது நல்லது. நேரங்கள் சீசனுக்குத் தக்கபடி மாறும் என்பதால் கிளம்புவதற்கு முதல் நாள் தங்கும் விடுதியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்தமான் நம் நிலப்பரப்பிலிருந்து வெகு கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலை பதினொன்றரை மணி வெயில் அங்கே உச்சி வெயில். முற்றத்தில் நிழல் குறைவு, மொட்டை மாடியில் அறவே இல்லை. அதனால் காலையில் திறந்த உடனே போவதுதான் சரியான நேரம். மாடியை முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

உள்ளே நுழைந்ததும் இருபுறமும் படக்காட்சிக் கூடங்கள் இழுக்கும். அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு நேராக நடுக் கோபுரத்துக்குப் போங்கள். கட்டடம் புரிந்த பிறகு படங்களைப் பார்த்தால்தான் அவை பேசும்.

1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்த கட்டடம் இது. நடுவே ஒரு காவல் கோபுரம். அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல ஏழு கிளைகள், ஒவ்வொன்றும் மூன்று தளம். மொத்தம் 693 கொட்டடிகள். பலர் ஒன்றாக அடைபடும் பெரிய கூடம் எதுவுமே கிடையாது. இன்று நிற்பவை மூன்று கிளைகள் மட்டும். இரண்டு, ஜப்பானியர் பிடியில் தீவு இருந்த 1942-45 காலத்தில் இடிக்கப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு மேலும் இரண்டு இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் மருத்துவமனை வந்தது. எஞ்சியதைக் காப்பாற்றச் சொல்லிப் போராடியவர்கள் அங்கே கைதியாக இருந்த விடுதலை வீரர்களேதான். 1979 பிப்ரவரி 11 அன்று அது தேசிய நினைவுச் சின்னமானது.

கோபுரத்தில் நின்றபடி ஒரு கிளையைப் பாருங்கள். கொட்டடிகளின் கம்பிக்கதவுகள் எல்லாம் ஒரே பக்கம்தான் திறக்கின்றன. எதிரே தெரிவது அடுத்த கிளையின் முதுகு. அங்கே உயரத்தில் சிறு காற்றுத் துவாரங்கள் மட்டும். எந்தக் கைதியும் இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது, சைகை காட்ட முடியாது. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கோபுரத்தைத் தாண்டியே ஆக வேண்டும். அதனால் சில வார்டர்களே அத்தனை பேரையும் கண்காணிக்க முடிந்தது. 1890-ல் வந்த பிரிட்டிஷ் அரசின் லயால், லெத்பிரிட்ஜ் குழு, நாடு கடத்தப்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலேயே கடுமையான தனிமைக் கட்டம் ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை செங்கல்லாக எழுந்ததுதான் இந்த வடிவம். தனிமையே இங்கே தண்டனை. செக்கும் சவுக்கும் அதற்கு மேல் வந்தவை.

பிறகு ஏதாவது ஒரு கொட்டடிக்குள் நுழையுங்கள். சாவர்க்கரின் அறையாக இருக்க வேண்டியதில்லை. தரைத்தளத்தில் கூட்டமில்லாத ஒன்றே போதும். நீளம் ஏறக்குறைய 4.5 மீட்டர், அகலம் 2.7 மீட்டர். காற்றுத் துவாரம் மூன்று மீட்டர் உயரத்தில் இருப்பதால் கை எட்டாது, வெளியே எதுவும் தெரியாது. வெளியே வந்ததும் தாழ்ப்பாளைக் கவனியுங்கள். பெரும்பாலோர் கவனிக்காமல் போவது இதைத்தான். கதவிலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கம்பி பக்கத்துச் சுவரில் குடைந்த மாடத்துக்குள் போகிறது. பூட்டு இருக்கும் இடம் அங்கே. கம்பிகளுக்கிடையே கையை நீட்டினாலும் உள்ளிருப்பவரால் பூட்டைத் தொடவே முடியாது. குழந்தைகளோடு போனால் அவர்களையே முயன்று பார்க்கச் சொல்லுங்கள், நாம் விளக்க வேண்டிய தேவை இருக்காது.

சாவர்க்கர் 1911 முதல் 1921 வரை இருந்த கொட்டடி மேல்தளத்தின் கடைக்கோடியில் இருக்கிறது. வரிசை நீளமாக இருந்தால் மற்ற இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். வழிகாட்டியோடு வரும் குழுக்கள் எல்லாம் நேரே அங்கேதான் போகின்றன. கோபுரத்தின் பளிங்குப் பலகைகளில் மாகாண வாரியாகக் கைதிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வங்காளப் பெயர்களின் நீளத்தைப் பார்த்தாலே அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு முதல் சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதல் வழக்கு வரை எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று விளங்கும். அந்தப் பலகைகளுக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். ஒரே ஒருவரின் சிறையாக இதைப் பார்த்துவிட்டு வருவது மற்ற அத்தனை பேருக்கும் செய்யும் அநியாயம்.

முற்றத்துக் கொட்டகையில் செக்கின் மாதிரி இருக்கிறது. மாட்டுக்குப் பதில் மனிதன் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரைக் கிலோவுக்கு மேல், தேங்காய் எண்ணெய் எடுக்க வேண்டும், கடுகு என்றால் 10 பவுண்டு. குறைந்தால் அடி, கைவிலங்கு. அருகிலேயே சவுக்கடிக்குக் கட்டிவைக்கும் முக்காலிச் சட்டம். தூக்குமேடையில் மூன்று கயிறுகள் தொங்கும். கீழே உள்ள குழியறையையும் பார்க்கலாம். சிறு பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி வேண்டாம் என்று தோன்றினால் ஒருவர் முற்றத்திலேயே அவர்களோடு இருந்துவிடலாம்.

படக்கூடங்களில் 1933 உண்ணாவிரதம் பற்றிய பகுதியைத் தவறவிடாதீர்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மைத்ரா மூவரும் வலுக்கட்டாயமாகக் குழாய் வழியே பால் புகட்டப்பட்டதன் விளைவாக இறந்தார்கள். 1937-ல் நடந்த அடுத்த உண்ணாவிரதத்தையும் நாடெங்கும் எழுந்த எதிர்ப்பையும் தொடர்ந்துதான் அரசியல் கைதிகள் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சாலைக்கு எதிரே உள்ள பூங்காவில் இங்கே உயிர்விட்ட ஆறு பேரின் சிலைகள் நிற்கின்றன. பத்து நிமிட வேலை, ஆனால் பேக்கேஜ் வண்டிகள் நிற்காமல் போய்விடும்.

மாலை ஒலி-ஒளிக் காட்சி இந்தியில்தான் அதிகம், ஆங்கிலக் காட்சி சில நாட்களில் மட்டும். டிசம்பர், ஜனவரியில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். திறந்தவெளி என்பதால் பெருமழையில் ரத்தாகும். கொசுவுக்கும் ஏதாவது கையில் இருக்கட்டும். காட்சியை மட்டும் பார்த்துவிட்டுப் பகல் பார்வையை விட்டுவிடாதீர்கள். இருட்டில் உட்கார்ந்து கதை கேட்கலாம், கொட்டடிகளுக்குள் போக முடியாது.

மாடிப்படிகள் குறுகலானவை, மழையில் வழுக்கும். மே முதல் டிசம்பர் வரை எந்த நாளும் மழை வரலாம் என்பதால் பிடிமானமுள்ள செருப்பு அவசியம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் தரைத்தளம், செக்குக் கொட்டகை, படக்கூடங்கள் இவற்றோடு நிறுத்திக்கொண்டாலும் முக்கியமானவற்றைப் பார்த்தவர்களே. நுழைவாயிலில் வழிகாட்டிகள் இந்தி அல்லது ஆங்கிலத்தில் பேசுவார்கள், தமிழில் வேண்டும் என்றால் வாய்விட்டுக் கேளுங்கள். ஊரில் தமிழ் பேசுவோர் ஏராளம்.

வ.உ.சி. இழுத்த செக்கு இங்கே இருக்கிறதா என்று நம்மவர்கள் அடிக்கடி கேட்பார்கள். இல்லை. அவருக்கு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டாலும் அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளிலேயே இருந்து 1912-ல் வெளிவந்தார். அந்தச் செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து போகிறவர்கள் முடிந்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். அந்தமானில் இருப்பது மாதிரி, கிண்டியில் இருப்பது அவர் கைபட்டது.