பாதியில் விட்டு எழக்கூடிய வேலை எது?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மூத்தவனுக்கு 3 வயது, சின்னவளுக்கு 10 மாதம். கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வாடகை வீடு, ஒரே ஹால், ஒரு ரூம். கல்யாணத்துக்கு முன் தையல் கற்றேன், அம்மா கொடுத்த கால் மெஷின் இருக்கிறது. கையில் 15,000 ரூபாய் சேமிப்பு. முறுக்கு சுட்டு விற்கலாம் என்கிறாள் தோழி. புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் அண்ணி, குழந்தைகள் கவுன் தைத்து அனுப்பச் சொல்கிறார். வீட்டிலேயே டேட்டா என்ட்ரி செய்தால் மாதம் 25,000 என்று வாட்ஸ்அப்பில் வந்தது, பதிவுக் கட்டணம் 2,500 கேட்கிறார்கள். எதில் இறங்குவது? வாசலில் போர்டு வைக்கலாமா?"

அந்த டேட்டா என்ட்ரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும், உங்களிடம் வாங்கக் கூடாது. அந்த 2,500 கட்டினால், அடுத்து "டைப்பிங்கில் தப்பு இருக்கிறது, அபராதம் கட்டு" என்பார்கள். வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பிப் பயமுறுத்துவதும் உண்டு. அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைப் பிடித்து நிறுத்தும் வாய்ப்பு குறையும்.

இப்போது நிஜமான வேலைகளுக்கு வருவோம். பல வருடங்களாக மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லித் தருகிறேன். கைக்குழந்தை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, 'என்ன தெரியும்' என்பதல்ல. குழந்தை வீலென்று அழுதால் அந்த வேலையை அந்த நொடியே விட்டு எழுந்திருக்க முடியுமா என்பதுதான். முறுக்கு இதில் தோற்றுவிடுகிறது. அடுப்பில் எண்ணெய் காய்கிறது, தரையில் பத்து மாதக் குழந்தை தவழ்கிறது. வேண்டவே வேண்டாம். சின்னவள் பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம். அப்போது உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள், சிறு தொழிலுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். பண்ருட்டிப் பக்கம் வீட்டிலேயே முந்திரி உடைக்கும் வேலையும் கிடைக்கும். ஆனால் அந்த ஓட்டின் எண்ணெய் பெரியவர்கள் கையையே புண்ணாக்கும். குழந்தை தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தையல் அப்படியில்லை. கை தைத்த இடத்திலேயே ஊசியை நிறுத்திவிட்டுப் போகலாம், அரை மணி கழித்து வந்தாலும் அங்கிருந்தே தொடரலாம். அதனால் என் ஓட்டு தையலுக்கு.

எவ்வளவு வரும் என்று நேர்மையாகப் பார்ப்போம். மூத்தவனை அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள், மதியச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். சின்னவள் காலையில் தூங்கும் நேரம், இரவில் இருவரும் தூங்கிய பிறகு கொஞ்ச நேரம் என ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் தேறும். அதற்கு மேல் கணக்குப் போடாதீர்கள். உங்கள் தெருவில் லைனிங் பிளவுஸுக்கு 250 ரூபாய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லைனிங் துணி, நூல், கொக்கி எல்லாம் 60 ரூபாய் என்றால் கூலியாக நிற்பது 190. வெட்டுவதிலிருந்து கொக்கி கட்டுவது வரை இரண்டு மணி நேரம் பிடித்தால் மணிக்கு 95. மாதம் 24 நாள் என்றால் 4,560 ரூபாய். 25,000 என்று படித்த கண்ணுக்கு இது சின்னதாகத்தான் தெரியும். ஆனால் இது உங்கள் கைக்கு வந்து சேரும் பணம். உங்கள் தெரு விலையைப் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள்.

பிளவுஸோடு மட்டும் நிற்காதீர்கள். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் அடிப்பது, நைட்டி, சுடிதார் பிடிப்பது போன்ற சில்லறை வேலைகளைப் பெரிய டெய்லர்கள் விரும்புவதில்லை. அளவு தப்பும் பயமும் இவற்றில் குறைவு. ஜூனில் பள்ளி திறக்கும்போது யூனிஃபார்ம் ஆல்டரேஷன், ஆவணி முகூர்த்தங்களுக்கு பிளவுஸ், பிறகு தீபாவளி என்று வேலை வரும் மாதங்களைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிளவுஸில் மணி, கல் வைத்துச் செய்யும் ஆரி வேலைக்கு இப்போது நல்ல கூலிதான். ஆனாலும் இன்னும் இரண்டு வருடம் போகட்டும். மணி, குந்தன் கல் எல்லாம் பத்து மாதக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் அளவில் இருப்பவை, தொண்டையில் சிக்கினால் ஆபத்து. சாதாரணத் தையலிலும் எச்சரிக்கை வேண்டும். எழுந்திருக்கும்போதெல்லாம் கத்தரியும் ஊசி டப்பாவும் பீரோ மேலே போக வேண்டும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் ஒரு இழு இழுத்தால் விழுந்த குண்டூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். என் வீட்டில் பாயின் மடிப்பிலிருந்து ஒருநாள் ஏழு ஊசி வந்தது. அதன்பின் தினமும் இழுத்தேன்.

கணவருக்கு இரவு ஷிப்ட் வரும் வாரத்தில் பகலில் அவர் தூங்க வேண்டும், ஒரே ரூம் வீட்டில் மெஷின் சத்தம் சண்டையில்தான் முடியும். ஹெம்மிங், கொக்கி, காஜா போன்ற கை வேலைகளை அந்த வாரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். டெலிவரி தேதி சொல்லும்போது மூன்று நாள் என்று மனதில் பட்டால் வாயில் ஆறு நாள் என்று வரட்டும். என் மகனுக்குக் காய்ச்சல் வந்த வாரம், முகூர்த்தத்துக்கு முந்தின இரவு பதினோரு மணிக்கு ஒரு பிளவுஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டார் அப்புறம் என்னிடம் வரவே இல்லை.

கடற்கரை ஓரம் என்பதால் ஒன்று. உப்புக்காற்றில் ஊசி சீக்கிரமே துரு ஏறும். வெள்ளைத் துணியில் அந்தத் துரு பட்டால் கறை லேசில் போகாது, துணிக்கு நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். இரவில் ஊசியைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். கால் மெஷினைக் கொடுத்துவிட்டு பவர் மெஷின் வாங்கும் ஆசை வந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையையும் கரண்ட் கட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணியின் கவுன் யோசனை நல்லதுதான், அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. முள்ளோடை எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி, நமக்கு வேறு பிரதேசம். நீங்களே துணி வாங்கி, கவுன் தைத்து அங்கே விற்றால் அது எல்லை தாண்டும் சரக்கு. விற்பனை எவ்வளவு சின்னதானாலும் சட்டப்படி ஜிஎஸ்டி பதிவு வேண்டும். துணியை அண்ணி வாங்கிக் கொடுத்து நீங்கள் தைத்துக் கொடுத்தால் அது கூலி வேலை, அதாவது சேவை. ஆண்டுக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. எனவே துணி அவருடையது, கை உங்களுடையது என்று பேசி முடியுங்கள். சொந்தக்காரர்தானே என்று கூலியைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள், முதல் கவுனிலேயே சொல்லுங்கள்.

15,000-த்தை முழுதாக இறக்காதீர்கள். நூல், ஊசி, லைனிங், அளவு நோட்டு எல்லாம் சேர்த்து 2,000-க்குள் ஆரம்பிக்கலாம், லைனிங் காசை முன்பணமாக வாங்கிவிடுங்கள். ஆறு மாத வரவு செலவு நோட்டில் ஏறிய பிறகு துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் தேவைப்பட்டால் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு கடன் இருக்கிறது, ஈடு இல்லாமல் 50,000 வரை. சிறு தொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம், அதற்குப் பணம் கேட்பவர் புரோக்கர். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் மானியம் உண்டு, ஆனால் 35 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

போர்டு இப்போது வேண்டாம். வாடகை வீடு, முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுவரை சின்னவளுக்கு ஒரு கவுன் தைத்து வாசல் கொடியில் தொங்கவிடுங்கள், போகிற வருகிறவர்கள் நின்று கேட்பார்கள். பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள், காற்றின் ஈரத்தில் பிசுபிசுத்துப் போகும்.