விபத்துக்குப் பிறகு மனநலம் பாதிக்கப்பட்டவரின் அன்றாடச் செயல்பாட்டை எப்படி மதிப்பிடுவார்கள்? வீட்டார் என்ன சொல்ல வேண்டும்?

என் அண்ணன் கதையைச் சொல்கிறேன். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். மூன்று வருடத்துக்கு முன் அழகியமண்டபம் அருகே அவர் பைக்கில் டிப்பர் லாரி இடித்தது. காலில் கம்பி வைத்து நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் ஹாரன் சத்தம் கேட்டால் வேர்த்து ஊற்றும், ராத்திரி தூக்கம் கிடையாது.

மாற்றுத்திறனாளிச் சான்றுக்காக மனநல மருத்துவரிடம் போனோம். "தானே குளிப்பாரா?" "குளிப்பார் சார்." "ஆட்களோடு பேசுவாரா?" "பேசுவார்." அண்ணனைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே வந்ததும் மைனி பிடித்துக்கொண்டார்: "நான் வெந்நி வச்சி நாலு தடவ கூப்பிட்ட பிறவுதான் குளிக்காருன்னு ஏன் கொழுந்தன் சொல்லல்ல?"

அவர் கேட்டது சரிதான். ஒருவரால் முடியுமா என்பதோடு, யாரும் சொல்லாமல் தானாகச் செய்கிறாரா என்பதும் மதிப்பீட்டில் சேரும். நம் நாட்டில் இதற்கு ஐடியாஸ் என்ற அளவுகோல் இருக்கிறது. தன்னைப் பேணுவது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், பாதிப்பு கூடினால் மதிப்பெண்ணும் கூடும். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 20. அதில் 8 வந்தால் 40 சதவீதத்தைத் தொடும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகளுக்கு அந்த 40 வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் விபத்து வழக்குகளுக்கு உள்ள அளவுகோலில் பயணம் என்றே தனித் தலைப்பு இருக்கிறது. நம்முடையதில் அது இல்லை. ரோட்டைக் கண்டாலே நடுங்குகிறவருக்கு இது பெரிய குறை என்பது என் அபிப்பிராயம். அதனால் அந்தப் பயத்தை வேலைத் தலைப்பில் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அண்ணன் முன்பெல்லாம் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் குறையும். இப்போது நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் ரோட்டில் இறங்குகிறார், அதுவும் யாராவது கூட வந்தால். முந்நூறு மரத்தில் பால் வெட்டியவர் நூறோடு உட்கார்ந்துவிடுகிறார். கவனம் சிதறிக் கத்தி ஆழமாக இறங்கி, பட்டையில் காயம் விழுகிறது.

இதையெல்லாம் மைனி இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதினார், நல்ல நாள் கெட்ட நாள் இரண்டையும். கூட்டி எழுதாதீர்கள். அண்ணன் முன்பும் கல்யாண வீடுகளுக்குப் போகாதவர்தான். அதை விபத்தின் கணக்கில் சேர்க்க முடியாது. தலையில் அடிபட்டிருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், மறதிக்கு மூளைக்காயமும் காரணமாக இருக்கலாம்.

அப்புறம், சான்றில் உள்ள சதவீதமே இழப்பீடு ஆகிவிடாது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கை போனால் தச்சருக்கு வருமானமே போகலாம், அரசு குமாஸ்தாவுக்குச் சம்பளம் குறையாமலும் இருக்கலாம். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்யும்.

அடுத்த தடவை நோட்டைக் கொடுத்தோம். மருத்துவர் புரட்டிக்கொண்டே வந்து பட்டைக் காயத்தில் நின்றார். "முன்னால் இப்படி வெட்டுவாரா?" அண்ணனே தலை நிமிராமல் சொன்னார்: "இருவது வருசத்துல ஒரு மரத்த நான் காயப்படுத்துனது இல்ல சார்."