மாடி எடுக்கும்போது பழைய வீட்டு இன்சூரன்ஸ் போதுமா?

கீழே குடியிருந்துகொண்டே மாடி எடுக்கிறோம், பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிறது, போதுமா என்கிறீர்கள். போதாது. 2021 ஏப்ரலில் வந்த அந்தப் பாலிசி தீ, புயல், வெள்ளத்துக்குச் சரி. கட்டுமான வேலையாலோ பள்ளம் தோண்டியதாலோ தரை இறங்கினால் பணம் வராது. புது பில்லருக்குக் குழி எடுக்கும்போது பழைய சுவரில் விரல் நுழையும் அளவு விரிசல் விட்டால், செலவு உங்கள் தலையில்தான்.

வேலை தொடங்கும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். புது வேலைக்கு, கட்டும்போது நேரும் சேதத்துக்கான ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசி தனி. அதில் உங்கள் பழைய கட்டடமும் பக்கத்து வீட்டுக்கு ஏற்படும் சேதமும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கொத்தனார், சித்தாள்களுக்கான இழப்பீட்டுப் பாலிசி வேறு. மேஸ்திரி “எல்லாம் இருக்கு சார்” என்பார்; அவரிடம் பாலிசிக் காகிதத்தைக் கேட்டு வாங்கித் தேதியைப் பாருங்கள்.