108 ஆம்புலன்ஸ் வேலைக்குப் போகும் மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

விபத்தையும் சாவையும் தினமும் பார்த்தால் மகளின் மனசு என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. நியாயமான பயம்தான். ரத்தம் பெரும்பாலோருக்குச் சீக்கிரம் பழகிவிடும். இந்த வேலையில் ஆளை மெல்ல அரிப்பவை இரண்டு: தூக்கம் கெடுவதும், பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் அடக்கிவைப்பதும்.

ஷிஃப்ட் 12 மணி நேரம். இரவு டூட்டிக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்கட்டும். டீ, காபி எல்லாம் நள்ளிரவோடு சரி. விடிகாலை 4 மணிக்குக் குடித்தால் வீட்டுக்கு வந்து படுத்தாலும் தூக்கம் பிடிக்காது. திரும்பும்போது ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம், பஸ்ஸில் வரட்டும். பகலில் தூங்கும் அறைக்குக் கனத்த திரை போடுங்கள். உறவினர் வருகையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவையுங்கள். இதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது.

குழந்தை இறப்பு, தீக்காயம் போன்ற கேஸ் முடிந்ததும், வண்டியைச் சுத்தம் செய்யும்போதே பைலட்டுடன் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்) பத்து நிமிடம் பேசுவது நல்லது: என்ன நடந்தது, நாம் என்ன செய்தோம், எது நம் கையில் இல்லை. மனம் வராவிட்டால் வற்புறுத்தக் கூடாது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வைப்பது சிலருக்குக் காயத்தைக் கிளறிவிடும். அதனால் நீங்களும் "இன்னிக்கு என்ன கேஸ்?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா?" போதும். மகளே பேச ஆரம்பித்தால் டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

சில நாள் கெட்ட கனவு வருவதும், சத்தம் கேட்டால் திடுக்கிடுவதும் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தாலோ, விபத்து நடந்த சாலைப் பக்கமே போக மறுத்தாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதற்கென்றே உள்ள பேச்சு சிகிச்சை பொதுவாக 8 முதல் 12 அமர்வுகளில் முடியும். தூங்குவதற்கு மாத்திரையோ மதுவோ தேட ஆரம்பித்தால் அந்த ஒரு மாதம்கூடக் காத்திருக்காதீர்கள். "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் அன்றே உதவி தேடுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவு பகலாக இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நாளை வரன் பார்க்கும்போது இது வெளியே தெரியுமோ என்று தயங்க வேண்டாம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்திருக்கிறது.

பணியில் சேரும் முன் மகள் மேலாளரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: தொடர்ச்சியாக எத்தனை இரவு டூட்டி, வார விடுப்பு எப்படி, மோசமான கேஸுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஓய்வு வேண்டுமென்றால் யாரை அழைக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், சீனியர் ஒருவரின் எண்ணை முதல் வாரத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.